பத்து ஃபண்ட், பதினேழு பங்கு: எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது?

வாசகரின் கடிதம் (சுருக்கமாக)

பெயர் வெளியிட விரும்பாத இந்த வாசகர் ஈரோட்டைச் சேர்ந்தவர், வயது 42. தனியார் ஆலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 62,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே தையல் தொழில் செய்து மாதம் 10,000 ரூபாய் சம்பாதிக்கிறார். மகள் 9-ம் வகுப்பு, மகன் 3-ம் வகுப்பு. வீட்டுக் கடனில் 11 லட்சம் பாக்கி. தவணையும் சேர்த்து மாதச் செலவு 52,000 ரூபாய். பி.எஃப். கணக்கில் 7.5 லட்சம், சேமிப்புக் கணக்கில் 40,000 இருக்கிறது. ஆயுள் காப்பீடு என்று இருப்பது 6 லட்சத்துக்கு ஓர் எண்டோவ்மென்ட் பாலிசி (காப்பீடும் சேமிப்பும் சேர்ந்தது) மட்டும். அதற்கு மாதம் 3,000 ரூபாய் போகிறது.

பத்து மியூச்சுவல் ஃபண்டுகளில் இன்றைய மதிப்பில் 9 லட்சம் வைத்திருக்கிறார். பெரிய நிறுவனங்களில் போடும் லார்ஜ்கேப் ஃபண்ட் இரண்டு (1.4 லட்சம், 1.1 லட்சம்), பெரிய, சிறிய நிறுவனம் எதிலும் போடும் ஃப்ளெக்ஸிகேப் ஒன்று (1.6 லட்சம்), வரிச் சலுகைக்கான பழைய இஎல்எஸ்எஸ் ஃபண்ட் ஒன்று (1.2 லட்சம்), 'டிவிடெண்ட்' வகையில் பங்கையும் கடன் பத்திரத்தையும் கலந்து வைக்கும் ஒரு பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்ட் (66,000), எட்டு மாதம் முன்பு புதிய வெளியீட்டில் வாங்கிய ஒரு துறை சார்ந்த ஃபண்ட் (44,000), சிறு நிறுவனங்களில் போடும் ஒரு ஸ்மால்கேப் (40,000). இவை எல்லாம் வங்கி வழியாக மொத்தத் தொகையாகப் போட்டவை, ரெகுலர் பிளான் (விற்றவருக்குக் கமிஷன் போகும் வகை). இவை தவிர, மொபைல் ஆப் வழியாக, கமிஷன் இல்லாத டைரக்ட் பிளானில் மூன்று எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) ஓடுகின்றன: 50 பெரிய நிறுவனங்களின் குறியீட்டை அப்படியே பின்பற்றும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் (60,000), இரண்டாவது ஸ்மால்கேப் (90,000), இரண்டாவது இஎல்எஸ்எஸ் (70,000). ஒவ்வொன்றுக்கும் மாதம் 5,000.

பங்குகள் 17 நிறுவனங்களில். மூன்று ஆண்டுகளில் 4.2 லட்சம் போட்டது இன்று 3.5 லட்சம். அதில் மச்சான் சொல்லி 92 ரூபாய்க்கு 1,000 பங்கு வாங்கிய ஒரு கட்டுமான நிறுவனம் இன்று 23 ரூபாயில் நிற்கிறது.

அவர் கேட்பவை: எல்லா ஃபண்டையும் விற்றுவிட்டு, போன வருடம் அதிக லாபம் தந்த இரண்டு ஸ்மால்கேப் ஃபண்டில் மொத்தமாகப் போடலாமா? வீட்டுக் கடனில் 9.25% வட்டிக்கு 5 லட்சம் டாப்-அப் (கூடுதல் கடன்) வாங்கி அதையும் சேர்த்துப் போடலாமா? அந்தக் கட்டுமானப் பங்கை இன்னும் 2,000 வாங்கி ஆவரேஜ் செய்யலாமா? 10 ரூபாய்க்கு வரும் புதிய ஃபண்டில் அதிக யூனிட் கிடைக்குமே, அது நல்லதா? ரெகுலரில் இருந்து டைரக்டுக்கு மாறினால் வரி எவ்வளவு? மனைவி பெயரில் வாங்கினால் வரி குறையுமா? 12,000 ரூபாய் கட்டினால் 'மாதம் 8% உறுதி' என்று பங்குப் பரிந்துரை தரும் டெலிகிராம் குழுவில் சேரலாமா?

ஆலோசனை

அன்புள்ள வாசகருக்கு,

வாங்கிய விலை, தேதி, இன்றைய மதிப்பு எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் பொதுவாகப் பேசாமல் உங்கள் கணக்கையே எடுத்துப் பேச முடிகிறது. நீங்கள் முதலில் கேட்டது எந்த ஃபண்ட் சிறந்தது என்று. அதற்கு முன்னால் நிற்கும் கேள்வி, இந்தப் பணத்தில் எவ்வளவு எந்த வருடம் வேண்டும் என்பது. உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'நான்கு வருடத்தில் மகளின் கல்லூரிப் படிப்புக்கு மொத்தம் 8 லட்சம் ஆகலாம்.' நான் சொல்லப்போகும் எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்துதான் கிளம்புகிறது.

டாப்-அப் கடன் வேண்டாம்

விண்ணப்பம் கொடுத்திருந்தால் திரும்பப் பெறுங்கள். 5 லட்சத்தைப் பத்து ஆண்டுகளில் 9.25% வட்டியுடன் அடைக்க மாதம் சுமார் 6,400 ரூபாய் தவணை வரும். இரண்டு பேர் வருமானம் 72,000. செலவு, எஸ்ஐபி, பாலிசி போனால் உங்களிடம் மிஞ்சுவது 2,000. தவணை கட்ட எஸ்ஐபியை நிறுத்த வேண்டியிருக்கும். கடைசியில் மாதாமாதம் போட்டதைக் கடன் வாங்கி மொத்தமாகப் போட்டதாகத்தான் முடியும்.

சந்தை விழும்போது என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 2020 ஜனவரி 14-ம் தேதி 12,362 புள்ளிகளில் முடிந்த நிஃப்டி 50, மார்ச் 23-ம் தேதி 7,610-க்கு வந்தது. பத்து வாரத்தில் 38% வீழ்ச்சி. 5 லட்சம் 3.1 லட்சமாக நிற்கும் மாதத்திலும் 6,400 ரூபாய் போயே ஆகும். அந்த நேரத்தில் வேலையிலும் சிக்கல் வந்தால், அடிமட்ட விலையில் விற்றுத்தான் தவணை கட்ட வேண்டும். சொந்தப் பணம் போட்டவர் பொறுத்திருக்கலாம். கடன் வாங்கிப் போட்டவருக்கு அந்த அவகாசம் கிடையாது.

போன வருடத்து முதலிடம்

ஒரு வருட லாபப் பட்டியலைப் பார்த்து ஃபண்ட் எடுப்பதுதான் மிகப் பரவலான தவறு. அந்த எண், எந்த வகைப் பங்குகள் அந்த வருடம் ஏறின என்பதைத்தான் சொல்கிறது. நிர்வகித்தவரின் திறமையை அவ்வளவாகச் சொல்வதில்லை. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதிப்படி சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், 251 முதல் கீழே உள்ள எல்லாம் ஸ்மால்கேப். ஸ்மால்கேப் ஃபண்ட் தன் பணத்தில் குறைந்தது 65 சதவிகிதத்தை அந்த 251-க்குக் கீழேதான் வைத்திருக்க வேண்டும். சந்தை கசந்தாலும் மேலாளர் அங்கிருந்து முழுதாக வெளியேற முடியாது. 2018 ஜனவரி உச்சத்தில் இருந்து 2020 மார்ச்சுக்குள் ஸ்மால்கேப் குறியீடுகள் பாதிக்கு மேல் இழந்தன. பழைய உச்சத்தைத் திரும்பத் தொட்டது 2021-ல்தான். உங்கள் மகளின் கல்லூரிச் சேர்க்கை அந்த மூன்று வருடத்துக்கு நடுவே வந்து விழுந்திருந்தால்?

ஸ்மால்கேப்பில் வேறொரு சிக்கலும் உண்டு: விற்க நினைத்தாலும் வாங்க ஆள் குறைவு. 2024 மார்ச் முதல் மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் தங்கள் பங்குகளில் 25 சதவிகிதத்தையும் 50 சதவிகிதத்தையும் விற்க எத்தனை நாள் ஆகும் என்ற 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' கணக்கை மாதாமாதம் வெளியிடுகின்றன. உங்கள் ஃபண்டின் இணையதளத்தில் அதைத் தேடிப் பாருங்கள். ஃபண்ட் பெரிதாகப் பெரிதாக அந்த நாட்களும் பெருகுவதைக் காணலாம். போன வருட லாபத்தைப் பார்த்து ஓடி வரும் பணம்தான் ஃபண்டை அப்படிப் பெரிதாக்குகிறது.

ஸ்மால்கேப் ஆகாது என்று சொல்ல வரவில்லை. பத்து வருடம் தொடாத பணத்தில் ஒரு சிறு பங்கு அங்கே இருக்கலாம். இரண்டாவது ஸ்மால்கேப்பில் ஏற்கெனவே உள்ள 90,000 உங்களுக்குப் போதும். அதை அப்படியே விடுங்கள், புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

எண்ணிக்கை அதிகம் என்றால் பரவல் அதிகம் என்று இல்லை

'பத்து ஃபண்டில் பிரித்துப் போட்டிருப்பதால் ரிஸ்க் குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். லார்ஜ்கேப் ஃபண்ட் 80 சதவிகிதத்தை அந்த முதல் 100 நிறுவனங்களில்தான் வைக்க வேண்டும். அந்த நூறிலும் பெரிய எடை சில வங்கிகளுக்கும் ஐ.டி. நிறுவனங்களுக்கும்தான். இரண்டு லார்ஜ்கேப், ஒரு நிஃப்டி இண்டெக்ஸ், பெரும்பாலான இஎல்எஸ்எஸ் எல்லாவற்றின் மேல் பத்து இடங்களிலும் அதே பெயர்கள் வரும்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். இரண்டு ஃபண்டின் மாத ஃபேக்ட்ஷீட்டை (எந்தப் பங்கில் எத்தனை சதவிகிதம் என்று காட்டும் அறிக்கை) அருகருகே வையுங்கள். இரண்டிலும் உள்ள பங்கு ஒவ்வொன்றுக்கும் எது சிறிய எடையோ அதை எழுதுங்கள். ஒரு வங்கிப் பங்கு முதல் ஃபண்டில் 9%, இரண்டாவதில் 7% என்றால் 7 என்று எழுதுங்கள். கடைசியில் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 50-ஐத் தாண்டினால் இரண்டில் ஒன்று தேவையில்லை. உங்கள் லார்ஜ்கேப் ஃபண்டுகளை இண்டெக்ஸ் ஃபண்டோடு வைத்துப் பார்த்தால், ஒரே சரக்கை மலிவாக ஓரிடத்திலும் விலை கூட்டி இரண்டு இடத்திலும் வாங்கியிருப்பது தெரியும்.

அந்தக் கூடுதல் விலை சிறிதல்ல. ரெகுலர் பிளானுக்கும் டைரக்டுக்கும் இடையே ஈக்விட்டி ஃபண்டில் ஆண்டுக்குச் சுமார் 1% வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 வீதம் 15 ஆண்டுகள் போட்டு 12% கிடைத்தால் சுமார் 50.5 லட்சம், 11% கிடைத்தால் சுமார் 45.9 லட்சம். 4.6 லட்சம் வித்தியாசம். வங்கி இங்கே விநியோகஸ்தர். ரெகுலர் பிளானில் இருந்து அதற்குக் கமிஷன் வருவது விதிப்படி சரியானதுதான். ஆனால் 'வங்கியில் வாங்கியது, அதனால் பத்திரம்' என்ற உங்கள் எண்ணம் மட்டும் தவறு. 5 லட்சம் வரையிலான டெபாசிட் காப்பீடு வங்கி டெபாசிட்டுக்குத்தான். அதே கிளையில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஃபண்டுக்கு இல்லை.

10 ரூபாய் ஃபண்ட் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 50,000 ரூபாய்க்கு 10 ரூபாய் என்ஏவி-யில் (ஒரு யூனிட்டின் விலை) 5,000 யூனிட் கிடைக்கும், 100 ரூபாய் என்ஏவி-யில் 500 யூனிட். உள்ளே இருக்கும் பங்குகள் 12% ஏறினால் இரண்டும் 56,000 ஆகும். புதிய ஃபண்டுக்குப் பழைய கணக்கு எதுவும் கிடையாது என்பதுதான் உண்மையான வித்தியாசம். அதிலும் துறை சார்ந்த புதிய வெளியீடுகள் பெரும்பாலும் அந்தத் துறை நன்றாக ஏறிய பிறகுதான் வருகின்றன. நீங்கள் போட்ட 50,000 எட்டு மாதத்தில் 44,000 ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'டிவிடெண்ட்' என்ற பெயரை 2021 ஏப்ரலில் செபி மாற்றியது. இப்போது அதன் பெயர் ஐடிசிடபிள்யூ. வருமானத்தோடு மூலதனத்தையும் எடுத்துக் கொடுப்பது என்று பொருள். கொடுத்த அளவுக்கு என்ஏவி குறைந்துவிடும், வந்த தொகை வரிக் கணக்கில் உங்கள் வருமானத்தோடு சேர்ந்துவிடும். சம்பளம் வரும் வயதில் உங்களுக்கு அது தேவையில்லை.

இஎல்எஸ்எஸ் எஸ்ஐபியை இந்த மாதமே நிறுத்துங்கள்

'வரி மிச்சத்துக்காக' என்று அதற்குக் குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் அலுவலகம் புதிய வரி முறையில்தான் பிடித்தம் செய்கிறது என்பது நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டில் தெரிகிறது. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான தேர்வு. அதில் இஎல்எஸ்எஸ்-க்கு எந்தக் கழிவும் கிடையாது. ஆக, உங்களுக்கு வரிச் சலுகையும் இல்லை, ஒவ்வொரு தவணையும் மூன்று வருடம் பூட்டியும் கிடக்கிறது. அந்த 5,000-ஐ மகளின் படிப்புக்கு ஆர்.டி.யாக மாற்றுங்கள்.

கட்டுமானப் பங்கு: ஆவரேஜ் செய்தால் என்ன கிடைக்கும்?

92 ரூபாய்க்கு 1,000 பங்கு, 92,000. இன்று 23 ரூபாய்க்கு 2,000 பங்கு வாங்கினால் இன்னும் 46,000. மொத்தம் 1,38,000-க்கு 3,000 பங்கு. சராசரி 46 ரூபாய். 'சராசரி பாதியாகிவிடும்' என்கிறீர்கள், உண்மைதான். ஆனால் போட்டது திரும்ப அந்தப் பங்கு 23-ல் இருந்து இரண்டு மடங்காக வேண்டும். மாறாக 10 ரூபாய்க்கு இறங்கினால் புதிதாகப் போட்டதில் மட்டும் 26,000 போகும். பழைய விலை நிறுவனத்துக்குத் தெரியாது. கேட்க வேண்டியது ஒன்றே: இந்தப் பங்கு உங்களிடம் இல்லாமல், கையில் 46,000 ரொக்கமாக இருந்தால், இன்று இதை வாங்குவீர்களா?

நீங்களே எழுதியிருக்கும் மூன்று தகவல்கள் வாங்கக்கூடாது என்றுதான் சொல்கின்றன. மூன்று ஆண்டுகளாக லாபக் கணக்கில் லாபம் காட்டுகிறார்கள், ஆனால் தொழிலில் இருந்து வரும் கேஷ் ஃப்ளோ மூன்று ஆண்டும் மைனஸ். கட்டுமானத் தொழிலில் இதன் பொருள், வேலையை முடித்ததாகக் கணக்கில் வரவு வைத்தாயிற்று, பணம் வந்து சேரவில்லை என்பது. ஆண்டறிக்கையில் 'வரவேண்டிய பாக்கி' என்ற வரி விற்பனையைவிட வேகமாக வளர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்படியானால் இடைவெளியை நிரப்பக் கடன்தான் வாங்குவார்கள். வட்டி லாபத்தைத் தின்றுவிடும்.

மூன்றாவது தகவல், புரொமோட்டரின் (நிறுவனத்தை நடத்தும் முதன்மை உரிமையாளர்) பங்குகளில் 58% அடமானத்தில் இருப்பது. அடமானம் பிடித்தவர் பங்கு விலை இறங்கினால் கூடுதல் ஈடு கேட்பார். கிடைக்காவிட்டால் சந்தையில் விற்பார். அந்த விற்பனையே விலையை மேலும் இறக்கும், லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த எல்லை) பூட்டிக்கொள்ளும், நீங்கள் விற்க நினைத்தாலும் வாங்குபவர் இருக்கமாட்டார். இந்த அடமான விவரம் ஒவ்வொரு காலாண்டுக்கும் பிஎஸ்இ, என்எஸ்இ தளங்களில் பங்குதாரர் விவரத்தில் வருகிறது. யாரும் மறைக்கவில்லை, நாம்தான் பார்ப்பதில்லை.

'பெரிய நிறுவனம், மூழ்கவிடமாட்டார்கள்' என்று மச்சான் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்தது. இறங்க இறங்கச் சிறு முதலீட்டாளர்கள் பலர் ஆவரேஜ் செய்துகொண்டே போனார்கள். 2020 மார்ச்சில் வர்த்தகத்தின் நடுவே அது 6 ரூபாய்க்கும் கீழே போனது. வங்கியை மூழ்கவிடவில்லை, டெபாசிட்தாரர்களின் பணம் தப்பியது. ஆனால் 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவிகிதத்தை மூன்று வருடம் விற்க முடியாமல் பூட்டினார்கள். வீட்டுக் கடன் தந்துவந்த டிஹெச்எஃப்எல் நிறுவனம் 2021-ல் வேறு கைக்கு மாறியபோது பழைய பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாயும் இல்லை. நிறுவனத்தைக் காப்பாற்றுவது வேறு, பங்குதாரரைக் காப்பாற்றுவது வேறு. 23,000 கிடைக்கும்போதே வெளியே வாருங்கள் என்பதுதான் என் முடிவான கருத்து.

விற்பனையும் வரியும்: ஒரே நிதியாண்டில் முடிக்கலாம்

2024 ஜூலை 23 முதல் ஈக்விட்டி ஃபண்டையும் பட்டியலிட்ட பங்கையும் ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5%. ஒரு வருடத்துக்குள் விற்றால் 20%. இரண்டிலும் 4% செஸ் தனி. ரெகுலரில் இருந்து டைரக்டுக்கு 'சுவிட்ச்' செய்வதும் விற்பனைதான். வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் வரியே இல்லை என்று நம்பியிருக்கிறீர்கள். அந்தத் தள்ளுபடி இந்த லாபத்துக்குப் பொருந்தாது.

நீங்கள் கொடுத்த எண்களின்படி வங்கி வழியாக வாங்கிய ஏழையும் விற்றால் லாபம் இப்படி வரும்: லார்ஜ்கேப் இரண்டிலும் 45,000-ம் 30,000-மும், ஃப்ளெக்ஸிகேப்பில் 62,000, பழைய இஎல்எஸ்எஸ்-ல் 45,000, பேலன்ஸ்டு அட்வான்டேஜில் 4,000. மொத்தம் 1,86,000. நஷ்டப் பக்கத்தில் கட்டுமானப் பங்கு 69,000, துறை ஃபண்ட் 6,000, ஸ்மால்கேப் 4,000, மொத்தம் 79,000. கழித்தால் 1,07,000. 1.25 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது, வரி இல்லை. துறை ஃபண்டுக்கு ஒரு வருடம் ஆகாததால் 1% எக்ஸிட் லோடு (சீக்கிரம் வெளியேறுவதற்கான கட்டணம்) இருந்தால் 440 ரூபாய் போகும், அவ்வளவுதான்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நஷ்டத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் 1.25 லட்சம் சலுகை வரும். ஆகவே லாபம் ஏற்கெனவே 1.25 லட்சத்துக்குள் இருக்கும் வருடத்தில் நஷ்டப் பங்கையும் விற்றால் அந்த நஷ்டம் பயனில்லாமல் கரையும். உங்களுக்கு அப்படி ஆகாது. லாபம் வரம்பைத் தாண்டியிருப்பதால் நஷ்டம் வேலை செய்கிறது. அதனால் இரண்டையும் ஒரே நிதியாண்டில், மார்ச் 31-க்குள் விற்க வேண்டும். கட்டுமானப் பங்கைத் தனியாக அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் இந்த வருடமே 51,000-க்கு வரி விழும். நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டுமே கழிக்கலாம். குறுகியகால நஷ்டத்தை இரண்டிலும் கழிக்கலாம். ஃபண்ட் விவரத்தை, ஃபண்டுகளின் கணக்குப் பதிவு நிறுவனங்களான கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டிடமும் கேபிடல் கெயின் ஸ்டேட்மென்டாக வாங்கி, பங்குகளுக்குப் புரோக்கரின் பி அண்ட் எல் (லாப நஷ்ட) அறிக்கையோடு ஐடிஆர்-2 படிவத்தில் தாக்கல் செய்யுங்கள்.

மனைவி பெயரில் வாங்குவது பற்றி: நீங்கள் கொடுத்த பணத்தில் அவர் வாங்கினால் வரும் லாபம் உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அவருடைய தையல் வருமானத்தில் அவர் போட்டால் அது அவருடைய கணக்கு, அவருக்கென்று தனியாக 1.25 லட்சம் உண்டு. வீட்டுச் செலவை உங்கள் சம்பளத்தில் பார்த்துக்கொண்டு, அவர் சம்பாதிப்பதில் ஒரு பகுதியை அவர் பெயரிலேயே எஸ்ஐபி ஆக்குவது முறையான வழி. அந்தப் பணம் அவருடையதாகவே இருப்பதும் நல்லது.

வரும் பணம் எங்கே போக வேண்டும்

ஃபண்டுகளில் 6.8 லட்சம், கட்டுமானப் பங்கில் 23,000. இதில் 2.2 லட்சத்தைச் சேமிப்பில் உள்ள 40,000-உடன் சேர்த்தால் ஐந்து மாதச் செலவு. பாதியை வங்கியில் ஸ்வீப் டெபாசிட்டாகவும் (தேவைப்படும்போது எடுக்கக்கூடிய எஃப்.டி.) மீதியை லிக்விட் ஃபண்டிலும் (குறுகியகாலக் கடன் பத்திர ஃபண்ட்) வையுங்கள். இது லாபத்துக்கான பணம் இல்லை; வேலை போனாலும் ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் மற்ற முதலீட்டைக் கலைக்காமல் இருப்பதற்கானது.

3.1 லட்சம் மகளின் படிப்புக்கு, வங்கி எஃப்.டி.யாக. இஎல்எஸ்எஸ்-ல் இருந்து திருப்பிய மாதம் 5,000 ஆர்.டி.யும் சேர்ந்தால், இன்றைய வட்டி நிலவரத்தில் நான்கு ஆண்டில் 6.5 லட்சம் தாண்டும். கட்டணம் நான்கு வருடமாகப் பிரிந்துதான் போகும் என்பதால் மீதியை அப்போது ஓடும் ஆர்.டி.யே ஈடுகட்டும். 'எஃப்.டி.யில் பணம் வளராது' என்பது உங்கள் குறை. நான்கு வருடத்தில் கட்டாயம் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்துக்கு வளர்ச்சியைவிடத் தேதியில் கிடைப்பது முக்கியம்.

1.6 லட்சம் அதே ஃப்ளெக்ஸிகேப்பின் டைரக்ட் பிளானுக்கு. அந்த ஃபண்டை வைத்துக்கொள்வதா என்பதை ஒரு வருட லாபத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஐந்து ஆண்டு ரோலிங் ரிட்டர்ன் (வெவ்வேறு தேதிகளில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டாகக் கணக்கிட்ட லாபம்) நிஃப்டி 500 டிஆர்ஐ-ஐ எத்தனை முறை தாண்டியது, அந்தச் சாதனையைச் செய்த மேலாளர் இன்னும் இருக்கிறாரா, இந்த இரண்டையும் பாருங்கள். டிஆர்ஐ என்பது டிவிடெண்டையும் சேர்த்த குறியீடு. 2018 முதல் ஃபண்டுகள் அதோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். தேறவில்லை என்றால் அந்தப் பணமும் இண்டெக்ஸுக்கே போகட்டும். இண்டெக்ஸ் ஃபண்டில் பார்க்க வேண்டியது செலவு விகிதமும் குறியீட்டை விட எவ்வளவு பின்தங்கியது என்ற டிராக்கிங் டிஃபரன்ஸும் மட்டுமே. ஸ்மால்கேப்புக்குப் போகும் 5,000-ஐ ஃப்ளெக்ஸிகேப்புக்குத் திருப்புங்கள். இண்டெக்ஸ் எஸ்ஐபி அப்படியே ஓடட்டும்.

கடைசியாக மிஞ்சும் 13,000 ரூபாயை டேர்ம் பாலிசியின் (சேமிப்பு இல்லாத, உயிருக்கு மட்டுமான காப்பீடு) முதல் வருட பிரீமியத்துக்கு ஒதுக்குங்கள். 6 லட்சம் காப்பீடு உங்கள் கடனைக்கூட அடைக்காது; ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி தேவை. அது கைக்கு வந்த பிறகுதான் எண்டோவ்மென்ட் பாலிசியைத் தொடர்வதா, பெய்டு-அப் ஆக்குவதா (மேலும் பிரீமியம் கட்டாமல் குறைந்த காப்பீட்டோடு விடுவது) என்று பார்க்க வேண்டும்.

'கடன் சார்ந்த (வட்டி தரும்) முதலீடு எதுவும் இல்லை, சமநிலைக்கு ஏதாவது வாங்கட்டுமா?' என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். 7.5 லட்சம் பி.எஃப். அதுதான். மேலே சொன்னதைச் செய்தபின் நீண்டகால ஈக்விட்டியில் பங்குகளும் சேர்த்துச் சுமார் 7 லட்சம் இருக்கும். பாதிக்குப் பாதி, உங்கள் வயதுக்கும் பொறுப்புகளுக்கும் இது சரியான அளவு.

மீதி 16 பங்குகள்

கட்டுமானப் பங்கை ஒதுக்கிப் பார்த்தால், 16 பங்குகள் சேர்ந்து மூன்று ஆண்டில் 3.28 லட்சத்தை 3.27 லட்சம் ஆக்கியிருக்கின்றன. அந்த 7 லட்சத்தில் ஏறக்குறைய பாதி இவைதான் என்பதால் இது சின்ன விஷயமல்ல. ஏப்ரலுக்குப் பிறகு, புதிய நிதியாண்டில், நிதானமாக வடிகட்டுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஐந்து ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டுங்கள், ஐந்து ஆண்டு தொழில் கேஷ் ஃப்ளோவைக் கூட்டுங்கள். இரண்டாவது முதலாவதில் 70 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் காரணம் தெரிய வேண்டும். வங்கி, நிதி நிறுவனங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு வாராக் கடன் விகிதத்தைப் பாருங்கள். மற்ற நிறுவனங்களில் வட்டிச் செலவைப் போல இரண்டு மடங்குகூட இயக்க லாபம் இல்லாதவை, புரொமோட்டர் அடமானம் ஏறிக்கொண்டே போகிறவை, நடுவில் ஆடிட்டர் ராஜினாமா செய்தவை எல்லாம் போகட்டும். அந்தத் தொழில் எப்படிச் சம்பாதிக்கிறது என்று நான்கு வரியில் உங்களால் எழுத முடியாத பங்கும் போகட்டும். ஆறேழு மிஞ்சினால் போதும், மொத்தம் ஒன்றரை லட்சத்துக்குள். விற்ற பணத்தை இண்டெக்ஸ் ஃபண்டில் ஆறு மாதமாகப் பிரித்துப் போடுங்கள்.

12,000 ரூபாய் கட்டச் சொல்லும் டெலிகிராம் குழுவுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். பங்குப் பரிந்துரை செய்பவருக்கு செபியின் ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு எண் வேண்டும், அது ஐஎன்ஹெச் என்று தொடங்கும். முதலீட்டு ஆலோசகருடையது ஐஎன்ஏ. செபி தளத்தில் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். பதிவு உள்ளவர்கூட 'மாதம் 8% உறுதி' என்று சொல்ல அனுமதி இல்லை. ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால், ரசீதையும் உரையாடல் ஸ்கிரீன்ஷாட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உடனே 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழையுங்கள். பதிவு பெற்ற நிறுவனம் என்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் தரலாம்.

செய்ய வேண்டிய வரிசை: இந்த வாரம் டாப்-அப் ரத்து, இஎல்எஸ்எஸ் எஸ்ஐபி நிறுத்தம், டேர்ம் பாலிசி விண்ணப்பம். அடுத்த வாரம் கட்டுமானப் பங்கு விற்பனை. அதன் பணம் கணக்கில் விழுந்ததை உறுதி செய்துகொண்டு ஏழு ஃபண்டுகளின் விற்பனை. பங்கு விற்காமல் சர்க்யூட்டில் மாட்டினால் ஃப்ளெக்ஸிகேப்பை மட்டும் ஏப்ரல் வரை தொடாதீர்கள். மற்றவற்றின் லாபம் அப்போதும் 1.25 லட்சத்துக்குள் நின்றுவிடும். எல்லா ஃபோலியோவிலும் (ஃபண்ட் கணக்கு) டீமேட்டிலும் (பங்குக் கணக்கு) மனைவியை நாமினியாகப் பதிவு செய்தாயிற்றா என்று அதே நாளில் பாருங்கள். பூட்டிக் கிடக்கும் இரண்டாவது இஎல்எஸ்எஸ்-ன் தவணைகள் ஒவ்வொன்றாக மூன்று வருடம் முடிக்கும். கடைசித் தவணை திறந்த பிறகு அதையும் இண்டெக்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.